சானிடைசரை மருந்தகத்திலேயே கலக்கலாம்
கடலூர், புதுச்சேரிப் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரிகளுக்கு சானிடைசர் செலவு கட்டுப்படியாகாது என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. உலக சுகாதார நிறுவனத்தின் கலவையை ஆஸ்பத்திரி மருந்தகத்திலேயே தயாரிக்கலாமே! 10 லிட்டருக்கு 99.8% ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 7,515 மி.லி., 3% ஹைட்ரஜன் பெராக்சைடு 417 மி.லி., கிளிசரின் 145 மி.லி.; மீதிக்குக் கொதித்து ஆறிய தண்ணீர்.

பெராக்சைடு கைக்கிருமிக்கு அல்ல, கலவையிலும் பாட்டிலிலும் ஒட்டியிருக்கும் பாக்டீரிய வித்துகளை (ஆல்கஹாலுக்குச் சாகாமல் கெட்டியான உறைக்குள் உறங்கும் கிருமிகளை) அழிக்க. அதனால் அடைத்து 72 மணி நேரம் வைத்த பிறகே வார்டுக்கு அனுப்ப வேண்டும். அவசரத்தில் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். பாதி காலியான பாட்டிலில் மேலே ஊற்றுவதும் தப்பு. கழுவி, கிருமி நீக்கி, காயவைத்து நிரப்புங்கள். ரத்தமோ சீழோ பட்ட கைக்கு சோப்பும் தண்ணீரும்தான்.

கடலோரப் புழுக்கத்தில் பிசுபிசுக்கிறதே என்று கிளிசரினை அடியோடு நிறுத்திவிடாதீர்கள். தோல் வறண்டு வெடித்தால் நர்சுகள் பாட்டில் பக்கமே போகமாட்டார்கள்.