நங்கூரம் கனத்தால் மட்டும் பிடிப்பதில்லை

"நங்கூரம் கனமாக இருந்தால் போதும், கயிறு ஆழத்தின் அளவுக்கு இருந்தால் சரி" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதை நம்பி யாரும் திருநெல்வேலிக் கடற்கரை ஊரான உவரியின் கடலில் படகை நிறுத்திவிட்டு இரவில் கண்ணயர வேண்டாம். கலப்பைக் கொழுவைப் போல மணலுக்குள் புதைவதால்தான் நங்கூரம் பிடிக்கிறது. கயிறு செங்குத்தாக நின்றால் ஒவ்வோர் அலையும் அதைப் பிடுங்கும். ஆழம் 5 மீட்டர், நீர்மட்டத்திலிருந்து அணியத்தின் (படகின் முன்முனையின்) உயரம் 1 மீட்டர் என்றால், இரண்டும் சேர்ந்த 6-ஐப் போல ஏழு மடங்கு, 42 மீட்டர் கயிறு விடுங்கள். நங்கூரத்தை ஒட்டிச் சில மீட்டர் சங்கிலியும் அவசியம். அது தரையோடு கிடந்து இழுப்பைத் தாழ்த்தும், பாரில் (கடலடிப் பாறையில்) கயிறு உரசி அறுபடாமலும் காக்கும். விட்டபின் கயிற்றின்மேல் உள்ளங்கையை வையுங்கள்: நங்கூரம் இழுபட்டால் அதிர்வு தெரியும். படகு ஓடும்போது நங்கூரத்தை அணியத்தில் இறுகக் கட்டுங்கள். கயிற்றின் கடைசி முனை படகோடு கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.