அட்டை தூக்கினால் போதும்

பயிற்சி வகுப்பில் கற்பவர்களைக் கேள்வி கேட்டுப் பேச வைக்க வேண்டும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன், அதை எழுதியவர் சொல்வது சரிதான். எந்த மொழியில் என்பதையும் அவர் சேர்த்திருக்கலாம். பெங்களூரு பீன்யாவில் தொழிற்கூடப் பாதுகாப்புப் பயிற்சி நடத்துகிறேன். தமிழ், கன்னடம், இந்தி, ஒடியா பேசுவோர் ஒரே அறையில் இருப்பார்கள், ‘புரிந்ததா?’ என்றால் எல்லாத் தலைகளும் ஆடும். ஹார்வர்டில் இயற்பியல் கற்பிக்கும் எரிக் மசூர் 1991 முதல் கையாண்ட முறையை எங்களுக்கேற்ப மாற்றிக்கொண்டேன்: ஒவ்வொருவரும் முதலில் தனியாக விடையைத் தேர்ந்து, பக்கத்தில் இருப்பவரிடம் காரணம் சொல்லி, பிறகு மறுபடி தேர்வு செய்ய வேண்டும். செயலி எதுவும் வேண்டாம், விடைக்கு ஒன்றாக மூன்று வண்ண அட்டைகள் போதும் (நிறம் பிரித்தறிய இயலாதவர்களுக்காக வட்டம், சதுரம், முக்கோணமும் வரைந்திருக்கிறேன்). மின்சாரத் தீயை எதைக் கொண்டு அணைப்பது என்று கேட்டபோது பாதிப் பேர் தண்ணீருக்கான அட்டையைத் தூக்கினார்கள். அதுவரை வாயே திறக்காத சேலத்துப் பெண்மணி ஒருவர், முதலில் சுவிட்சை அணைத்து, பிறகு கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பு உருளையை எடுக்க வேண்டும் என்பதைப் பக்கத்து ஒடியா இளைஞருக்குக் கையசைவிலேயே விளக்கிவிட்டார். இதற்கு நேரம் கூடுதலாகப் பிடிப்பது உண்மை. 40 ஸ்லைடுகளை 12 ஆகக் குறைத்த பிறகே எனக்கு அது கைகூடியது.