ராத்திரிக் கரண்ட்டையாவது விடுங்கய்யா

வெயிலைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. திருநெல்வேலிக்காரர்களுக்கு வெயில் புதுசா என்ன? சித்திரையில் பாளையங்கோட்டை நாற்பது டிகிரியைத் தாண்டிவிட்டது என்று செய்தியில் சொன்னால், "நேத்தும் அதான" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போகிற ஊர் இது. நுங்கு, பதநீர், நன்னாரி சர்பத், மத்தியானத்துக்குப் பழையதும் சின்ன வெங்காயமும் என்று பகலை எப்படியோ ஓட்டிவிடுகிறோம். என் வயிற்றெரிச்சல் முழுக்க ராத்திரியைப் பற்றியது. ஊரே படுக்கப் போகிற நேரத்தில் பொட்டென்று போகிற கரண்ட்டைப் பற்றியது.

பராமரிப்பு வேலை, காலை 9 மணி முதல் இந்தந்தத் தெருக்களில் மின்சாரம் இருக்காது என்று பேப்பரில் போட்டுவிட்டு நிறுத்தினால் யாரும் சண்டைக்குப் போவதில்லை. விடியற்காலமே தண்ணீர் ஏற்றி, மாவு ஆட்டி, போனைச் சார்ஜ் போட்டு வைத்துக்கொள்கிறோம். மரக்கிளை வெட்டுவதும் கம்பியை இழுத்துக் கட்டுவதும் வேண்டிய வேலைதான். சொல்லாமல் கொள்ளாமல் போவதைத்தான் பொறுக்க முடியவில்லை. பதினோரு மணிக்குப் போகும். பத்து நிமிஷத்தில் வரும். வந்த வேகத்தில் போகும். மறுபடி வரும்போது பாதி வோல்டேஜில் வரும். ஃபிரிட்ஜ் உறும ஆரம்பிக்கும். கம்ப்ரசர் போய்விடக் கூடாதே என்று இருட்டில் தடவிக்கொண்டு போய் ஒவ்வொரு சுவிட்சாக அணைக்க வேண்டும். அப்புறம் ஒரேயடியாகப் போய்விடும்.

"எங்க காலத்துல ஃபேனா இருந்துச்சு? காத்தாட வெளிய உக்காருங்க" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. அவர்கள் இருந்த வீடு வேறு. ஒன்றரை அடிச் சுவர், மேலே மரக்கட்டையும் செங்கலும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய கட்டுக்குத்து மச்சு, நடுவில் முற்றம், வாசலில் வேம்பு. பகல் சூடு உள்ளே இறங்குவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். நாங்கள் இருப்பது கான்கிரீட் தளத்துக்குக் கீழே. பகல் முழுக்க வாங்கிய சூட்டை அது ராத்திரியில்தான் வீட்டுக்குள் இறக்குகிறது. பதினோரு மணிக்குச் சுவரில் கை வைத்தால் சுடுகிறது. குழாயைத் திறந்தால் வெந்நீர் கொட்டுகிறது. சாயங்காலம் தட்டட்டியில், அதாவது மொட்டை மாடியில், குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுகிறோம், சுண்ணாம்பு அடித்தாயிற்று, தென்னங்கீற்றும் பரப்பியாயிற்று. கொஞ்சம் தணியத்தான் செய்கிறது. ஆனால் ஃபேன் நின்றுவிட்டால் பானைக்குள் கிடக்கும் பனங்கிழங்கு மாதிரி அவிய வேண்டியதுதான். தட்டட்டியில் பத்தமடைப் பாயை விரித்துப் படுக்கலாம், முடிந்தவர்கள் படுக்கிறார்கள். மாடிச் சாவியைக் கொடுக்காத வீட்டுக்காரரிடம் வாடகைக்கு இருப்பவர்கள் எங்கே போவார்கள்? படியேற முடியாத வயசாளிகள்?

எங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருக்கிறார்கள். அத்தை, என் வீட்டுக்காரரின் அம்மா. பக்கவாதம் வந்து படுக்கையோடு இருக்கிறார்கள். படுக்கைப்புண் வராமலிருக்கக் காற்று மெத்தை போட்டிருக்கிறோம். அதில் ஒரு குட்டி மோட்டார் உண்டு. ஒரு வரிசைக் குழாய்க்குக் காற்றடிக்கும்போது அடுத்த வரிசையை இறக்கும், சில நிமிஷம் கழித்து மாற்றி அடிக்கும். உடம்பின் ஒரே இடத்தில் பாரம் அழுந்திக்கொண்டே இருக்காது. கரண்ட் நின்றதும் மோட்டார் நிற்கும், மெத்தை கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டையாகும், இடுப்பெலும்பு கட்டில் பலகையில் போய் முட்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். வேர்வையில் முதுகு ஊறிப்போய்க் கிடக்கும். ஒரு கையால் துடைத்துக்கொண்டு மறு கையால் ஓலை விசிறியை வீசுகிறேன். இருட்டுக்குள்ளிருந்து "ஏட்டி, கரண்டு வந்துட்டா?" என்று கேட்பார்கள். "இந்தா வந்துரும் அத்தை" என்பேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதே கேள்வி. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வரும்.

இன்வெர்ட்டர் வாங்க வேண்டியதுதானே என்பார்கள். நகையை அடகு வைத்து வாங்கினோம். 150 ஏஎச் பேட்டரி. அந்த மெத்தை மோட்டாருக்கு ஒரு சின்ன பல்பு அளவுக்குக் கரண்ட் போதும், விடிய விடிய ஓட வேண்டும். ஏன் ஓடுவதில்லை தெரியுமா? ஒன்பது மணிக்கே தெருவில் வோல்டேஜ் இறங்கிவிடுகிறது. 230 வர வேண்டிய இடத்தில் 170 கூட வருவதில்லை. 180-க்குக் கீழே போனால் இன்வெர்ட்டர் அதைக் கரண்ட் இல்லாததாகவே எடுத்துக்கொண்டு பேட்டரிக்கு மாறிவிடுகிறது. கரண்ட் போகாமலேயே பேட்டரி தீர்கிறது. பின்பக்கம் இருக்கும் சுவிட்சை நார்மலுக்குத் தள்ளுங்கள் என்றார் மெக்கானிக். தள்ளினால் ஃபேன் அந்த லோ வோல்டேஜில் ஓடுகிறது, இறக்கையை எண்ணிவிடலாம். தள்ளாமல் விட்டால், உண்மையாகவே கரண்ட் போகிற ஒரு மணிக்கு பேட்டரி காலி. அது நிறைய வேண்டுமானால் பத்து மணி நேரமாவது விடாமல் கரண்ட் இருக்க வேண்டும். இந்தச் சூட்டில் பேட்டரியின் ஆயுசும் குறைகிறது, டிஸ்டில்டு வாட்டரும் சீக்கிரம் வற்றுகிறது. இதை வாங்கவே வழியில்லாத வீடுகள்தான் எங்கள் தெருவில் அதிகம். எதிர் வீட்டில் பீடி சுற்றும் அக்கா, பகல் வேக்காட்டில் இலை காய்ந்துவிடுகிறது என்று ராத்திரியில் வேலையை வைத்துக்கொள்கிறார். கரண்ட் போனால் அன்றைய கூலியும் போயிற்று.

எனக்குப் புரிந்தவரை இது கரண்ட் உற்பத்தி ஆகாததால் வருகிற பிரச்சினை இல்லை. உற்பத்தி போதாமல் நிறுத்துகிறார்கள் என்றால் ஏரியா முழுக்கப் போக வேண்டும். எங்கள் தெரு இருட்டாகக் கிடக்கும்போது அடுத்த தெருவில் ஏசி ஓடுகிற சத்தம் கேட்கிறது. ராத்திரி ஒன்றரை மணிக்கு வந்த லைன்மேனிடம் கேட்டேன். செல்போன் வெளிச்சத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு கம்பத்தில் ஏறிப் பீஸ் கட்டிவிட்டு இறங்கினார், சட்டை பிழிந்தெடுக்கலாம் போல இருந்தது. "லோடு தாங்கலக்கா. டிரான்ஸ்பார்மரை மாத்தணும்னு எழுதிக் குடுத்தாச்சு. நாங்க என்ன செய்ய?" என்றார். ஒரு நாள் ஜம்பர் கட் (கம்பிகளை இணைக்கிற துண்டு அறுந்துவிட்டது) என்பார்கள், ஒரு நாள் இன்சுலேட்டர் பஞ்சர் (கம்பத்துப் பீங்கான் பழுதாகிவிட்டது) என்பார்கள், பெரும்பாலும் கடைசியில் லோடு தாங்காததில்தான் வந்து நிற்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்றரை டன் ஏசி ஓடும்போது சுமாராக ஒன்றரை கிலோவாட் இழுக்கும். அதிகபட்சம் 100 கிலோவாட் வரைதான் தாங்குகிற ஒரு 100 கேவிஏ டிரான்ஸ்பார்மரின் கீழ் அறுபது ஏசி ஒன்றாக ஓடினால் அதற்கே 90 கிலோவாட். மற்ற ஃபேன், ஃபிரிட்ஜ், மோட்டார் எல்லாம் எங்கே போகும்? முன்பெல்லாம் பகலில் சூடான டிரான்ஸ்பார்மர் ராத்திரியில் ஆறும். இப்போது ராத்திரியில்தான் லோடு உச்சத்தில் இருக்கிறது, ஊரும் ஆறுவதில்லை. பத்து வருஷமாகத் தெருவில் வீட்டுக்கு மேல் வீடு ஏறியிருக்கிறது. ஒவ்வொரு இணைப்புக்கும் பணம் கட்டித்தான் வாங்கியிருக்கிறோம். அந்த டிரான்ஸ்பார்மர் மட்டும் அதே டிரான்ஸ்பார்மர்.

கம்பத்தில் ஏறுகிற அந்த மனுஷர் மேல் எனக்குத் துளியும் கோபமில்லை. அத்தனை தெருவுக்கும் ராத்திரியில் ஓடுவது அவரும் கூட ஒருத்தரும்தான். எழுதிக் கொடுத்த தாளை மேஜையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் மேல்தான் கோபம்.

மனசு ஆறாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. நாட்டுக்கே கரண்ட் கொடுக்கிற சீமை இது. பாபநாசத்தில் தாமிரபரணித் தண்ணீரிலிருந்து 1944-லிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள். கூடங்குளத்தில் ஆயிரம் மெகாவாட் உலை இரண்டு ஓடுகிறது. கயத்தாறு பக்கமும், வள்ளியூர், பணகுடி தாண்டி ஆரல்வாய்மொழி வரைக்கும் கண்ணுக்கெட்டிய தூரம் காற்றாலை. இத்தனையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு 2012-ல் பாதி நாளுக்கு மேல் இருட்டில் கிடந்தோம். சென்னைக்கு அப்போது இரண்டு மணி நேரம்தான் நிறுத்தினார்கள். அதை இந்தப் பக்கம் யாரும் மறக்கவில்லை. இன்றைக்கு அந்த அளவுக்கு இல்லை, ஒத்துக்கொள்கிறேன். 2024 மே மாதம் மாநிலத்தின் தேவை 20,000 மெகாவாட்டைத் தாண்டியபோதும் சமாளித்தார்கள். அவ்வளவு தூரம் கொண்டுவந்த கரண்ட்டைத் தெருமுனையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவர முடியவில்லை என்றால் எப்படி?

கத்திரி வெயில் திடீரென்று வருகிற விருந்தாளி இல்லை. வருஷா வருஷம் மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடிகிறது, காலண்டரிலேயே அச்சடித்திருக்கிறார்கள். 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அறிவித்தது அரசு. வெப்ப அலையில் செத்தால் குடும்பத்துக்கு நான்கு லட்சம் ரூபாய் நிவாரணம். நல்ல அறிவிப்புதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பேரிடர் என்று ஒத்துக்கொண்டால் பேரிடருக்குச் செய்வதைச் செய்ய வேண்டாமா? புயல் வருகிறதென்றால் கம்பமும் கம்பியும் ஆட்களும் முன்கூட்டியே வந்து நிற்கிறார்களே, கத்திரிக்கு ஏன் நிற்பதில்லை? பகல் 12 மணி முதல் 3 மணி வரை வெளியே போகாதீர்கள் என்று ரேடியோவில் சொல்கிறார்கள். சரி, போகவில்லை. ராத்திரி வீட்டுக்குள் மூச்சு முட்டுகிறதே, அதற்கு என்ன செய்யச் சொல்கிறீர்கள்? பில் கட்டத் தேதி தவறினால் வந்து பீஸைப் பிடுங்க ஆள் இருக்கிறது. போன பீஸைப் போட ஆள் இல்லை.

மாசியிலேயே ஒவ்வொரு டிரான்ஸ்பார்மரிலும் ராத்திரி பத்து மணிக்கு லோடு எடுத்துப் பாருங்கள். தாங்காததை மாற்றுங்கள், இல்லையென்றால் பக்கத்தில் இன்னொன்றை வைத்துப் பாதி வீடுகளைப் பிரித்துவிடுங்கள். சித்திரை, வைகாசி இரண்டு மாதமாவது ராத்திரி வேலைக்குக் கூடுதல் ஆள் போடுங்கள். வீட்டில் படுக்கை நோயாளி, ஆக்சிஜன் மெஷின் இருக்கிறதா என்று ஒரு கணக்கெடுத்து, அந்தத் தெருக்களை முதலில் பாருங்கள். அதற்கெல்லாம் பணம் இல்லை, நாளாகும் என்றால், காசே செலவில்லாத ஒன்றை இன்றைக்கே செய்யுங்கள். ராத்திரியில் மின்வாரிய ஆபீஸ் போனை எடுங்கள். ரிசீவரை எடுத்துக் கீழே வைக்காதீர்கள். "வந்துரும்க்கா" என்று சொல்லிவிட்டு வைக்காதீர்கள். எங்கே என்ன போயிருக்கிறது, எத்தனை மணிக்கு வரும் என்று உள்ளதைச் சொல்லுங்கள். நாலு மணி நேரம் ஆகும் என்றால் அதையே சொல்லுங்கள். அத்தையைப் புரட்டிப் போட்டுக்கொண்டு காத்திருப்பதா, ஆட்டோ பிடித்துக் கொழுந்தனார் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவதா என்று நாங்கள் முடிவு செய்ய வேண்டும்.