அப்பப்பாவின் சுருட்டும் சித்தப்பாவின் பக்கற்றும்

சித்தப்பாவின் செத்த வீடு திருக்கடலூரில் நடந்தது. வாசலில் தறப்பாள், அதன் கீழே வாடகைக் கதிரைகள். கடற்காற்றுக்குக் குத்துவிளக்கு அணைந்து அணைந்து போக, யாரோ ஒரு பிஸ்கட் தகரத்தை மறைப்பாக வைத்துவிட்டார்கள். நுரையீரல் புற்றுநோய். வயது 56. நாளுக்கு ஒரு பக்கற் சிகரெட், கடலுக்குப் போகும் நாளில் அதற்கும் மேலே, 35 வருடமாக.

இரவு பத்து மணியளவில் தட்டு வந்தது. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு. பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கிளாசில் நிமிர்த்தி வைத்த சிகரெட்டுகள், ஒரு கட்டு பீடி, நெருப்புப் பெட்டி. தூக்கிக்கொண்டு வந்தவன் பக்கத்து வீட்டுப் பெடியன், இன்னும் ஓ.எல். சோதனை எழுதவில்லை. 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருளை விற்கக் கூடாது என்று இலங்கையின் 2006ஆம் ஆண்டு 27ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. செத்த வீட்டில் யார் விற்கிறார்கள், சும்மாதானே கொடுக்கிறோம்! நுரையீரலில் புற்று வந்து செத்தவர் பத்தடி தள்ளிப் பெட்டிக்குள் படுத்திருக்கிறார். தட்டு கதிரை கதிரையாகப் போய் வருகிறது. யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. இதே வளவில் எத்தனையோ தடவை அந்தக் கிளாசில் கை வைத்தவன் நான், 41 வயது வரை. அதனால் பெரிதாக வாய் திறக்கவும் முடியவில்லை.

எனக்கு எதிரே இருந்த ஒரு பெரியவர் ஒன்றைப் பற்ற வைத்துக்கொண்டு சொன்னார்: "இதெல்லாம் பரம்பரையில இருக்கிறது தம்பி. உங்கட அப்பப்பா 88 வயது மட்டும் சுருட்டுப் பத்தினவர். ஒரு நாள் படுத்தவரோ? சிலருக்கு வரும், சிலருக்கு வராது."

சரி, அவர் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதி உண்மைதான் ஆளைக் கொல்கிறது என்பது என் எண்ணம்.

வாழ்நாள் முழுக்க சிகரெட் பத்தினவர்களில் நுரையீரல் புற்றுநோய் வருவது பத்துக்கு ஒருவர் இருவருக்குத்தான். அப்படியென்றால் ஆளுக்கு ஆள் உடம்பில் ஏதோ வித்தியாசம் இருக்கத்தான் வேண்டும். இருக்கிறது. புகையில் புற்றுநோயை உண்டாக்கும் பொருட்கள் 70க்கு மேல். அதில் பென்சோபைரீன் என்று ஒன்று. கொழுப்பில் கரையும், தண்ணீரில் கரையாது. உடம்பு அதை வெளியேற்றப் பார்க்கிறது. தண்ணீரில் கரைய வைப்பதற்காக நொதியங்கள் அதை மாற்றத் தொடங்குகின்றன. அந்த மாற்றத்தின் நடுவழியில்தான் அது உண்மையான நஞ்சாகிறது. டி.என்.ஏ.யில் போய் ஒட்டிக்கொள்கிறது. உடம்பு காப்பாற்ற எடுக்கிற முயற்சியிலேயே கெடுதி பிறக்கிறது. இதைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை. 1996இல் இன்னொன்றும் தெரியவந்தது: அது ஒட்டுகிற இடங்களும், நுரையீரல் கட்டிகளில் பி53 என்ற காவல் மரபணு அடிக்கடி பழுதுபடுகிற இடங்களும் ஒன்றாகவே இருந்தன.

அந்த நஞ்சை நடுவழியிலேயே பிடித்து முடக்கி வெளியே அனுப்புகிற நொதியங்களும் உண்டு. அப்படி ஒன்றைச் செய்கிற ஜி.எஸ்.டி.எம்.1 என்ற மரபணு, ஐரோப்பியர்களிலும் கிழக்காசியர்களிலும் ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் கிடையவே கிடையாது. கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் அது இல்லாததால் கூடுகிற ஆபத்து சிறியதுதான்.

2008இல் மூன்று ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாகத் தேடி 15ஆவது நிறமூர்த்தத்தில் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன. அங்கே இருந்தது நிக்கொட்டின் போய் ஒட்டுகிற வாங்கிகளின் மரபணு. அதில் ஒரு சின்ன எழுத்து மாற்றம் உள்ளவர்கள் ஒவ்வொரு சிகரெட்டையும் இன்னும் ஆழமாக, இன்னும் அதிகமாக இழுக்கிறார்கள், விடவும் கஷ்டப்படுகிறார்கள். அந்த மாற்றத்தின் ஒரு பிரதி இருந்தால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து சுமார் 30 சதவீதம் கூடுகிறது. புகைக்காதவர்களிடம் அந்தத் தொடர்பு தெளிவாகத் தெரியவில்லை. சிகரெட் கூட்டுகிற ஆபத்தோ 15 முதல் 30 மடங்கு! சதவீதத்தையும் மடங்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சித்தப்பாவின் பரம்பரையில் ஏதாவது இருந்தது என்றால், அது அவரை அந்தப் பக்கற்றோடு இறுக்கிக் கட்டின கயிறாகவும் இருந்திருக்கலாம்.

பரம்பரைக் கதை ஒன்றும் புதிதில்லை. 1950களின் கடைசியில், புள்ளிவிபரவியலில் பெரிய தலையான ரொனால்ட் ஃபிஷர் இதையேதான் சொன்னார்: புகைக்கத் தூண்டுவதும் புற்றுநோயைத் தருவதும் ஒரே பரம்பரைக் குணமாக இருக்கலாம், சிகரெட்டைக் குறை சொல்லாதீர்கள் என்று. அவரே பைப் பத்துகிறவர், புகையிலைக் கம்பெனிகளின் ஆலோசகரும்கூட. பிறகு நோர்டிக் நாடுகளில் இரட்டையர்களை வைத்துப் பார்த்தார்கள். ஒரே அச்சான மரபணு, ஒருவர் புகைப்பவர், மற்றவர் புகைக்காதவர். நோய் பெரும்பாலும் புகைத்தவரைத்தான் தேடிப் போயிற்று.

அப்பப்பாவுக்கு வருகிறேன். அவர் திண்ணையில் இருந்து வலை பொத்துவார், வாயோரம் சுருட்டு. பாதி நேரம் அது அணைந்துதான் கிடக்கும். திரும்பப் பற்ற வைப்பார், இரண்டு இழுவை, வாயிலேயே புகையை உருட்டி வெளியே விடுவார், பிறகு ஊசியும் நூலும். ஒரு சுருட்டு மத்தியானம் வரை ஓடும். சுருட்டுப் புகை பொதுவாகக் காரத்தன்மையுள்ளது. நிக்கொட்டின் வாய்த் தோலாலேயே ஏறிவிடும், நெஞ்சுக்குள் இழுக்கத் தேவையில்லை. சிகரெட்டை உள்ளே இழுத்தால்தான் ஏறும். சுருட்டு நல்லது என்று யாரும் எடுத்துவிடாதீர்கள், அதன் பங்குக்கு வாய்ப்புற்றும் தொண்டைப்புற்றும் இருக்கிறது. அப்பப்பா தப்பினது ரத்தத்தாலா, வாயோடு நிறுத்தினதாலா, வெறும் அதிர்ஷ்டமா? செத்த வீட்டில் இருந்த பெரியவர் மட்டும் எப்படி இவ்வளவு உறுதியாகச் சொன்னார் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. அப்பப்பாவோடு கடலுக்குப் போய் அறுபதைத் தாண்டாதவர்களின் பெயர்களை அவர் ஒன்றும் சொல்லவில்லை. மிஞ்சினவரைத்தானே காட்ட முடியும்.

சித்தப்பாவின் மகன் ரொறன்ரோவில் இருந்து வந்திருந்தான். வயது 31. அவனும் பத்துகிறான். இரவு படலையடியில் நின்று கேட்டான்: "அண்ணா, டி.என்.ஏ. ரெஸ்ட் ஒன்று எடுத்துப் பார்த்தால் எனக்கு வருமா வராதா என்று தெரியும்தானே?"

தெரியாது என்றேன். இப்போதைக்கு எந்தப் பரிசோதனையும் 'உனக்கு வராது, நீ பத்தலாம்' என்று எழுதித் தராது. தந்தாலும் அது நுரையீரல் புற்றுக்கு மட்டும்தான். மாரடைப்பும் மூச்சுக்குழாய் நோயும் வேறு வாசலால் வரும். விடாமல் புகைப்பவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரைக் கடைசியில் ஏதோ ஒரு வழியில் புகைதான் கொண்டுபோகிறது. தகப்பனுக்கு வந்திருந்தால் பிள்ளைக்கு ஆபத்துக் கொஞ்சம் கூடத்தான். ஆனால் அந்தக் குடும்பக் கணக்கில் ரத்தம் எவ்வளவு, ஒரே அறைக்குள் குடித்த புகை எவ்வளவு என்று பிரிப்பது லேசில்லை. சித்தப்பா பத்துகிறபோது அவன் அவர் மடியில்தான் இருப்பான்.

வேறொரு கணக்கைச் சொன்னேன். பிரிட்டனில் டொக்டர்மாரை 50 வருடம் பின்தொடர்ந்து 2004இல் வெளியிட்டார்கள். 60 வயதில் புகைப்பதை விட்டவருக்கு, விடாதவரைவிட ஆயுளில் 3 வருடம் கூட, 50இல் விட்டவருக்கு 6, 40இல் 9, 30இல் 10. அவன் விரல் விட்டு எண்ணவில்லை. ஆனால் கையில் இருந்ததை முழுதாக முடிக்காமல் மணலில் மிதித்தான். அதில் பெரிதாக அர்த்தம் தேட வேண்டாம், நானும் அப்படி நூறு தடவை மிதித்தவன்.

31ஆம் நாள் தட்டுக்குச் சாமான் வாங்கப் பட்டியல் எழுதியபோது சின்னம்மா சிகரெட் என்ற வரியைப் பேனையால் வெட்டிவிட்டார். யாரிடமும் காரணம் சொல்லவில்லை. அன்று வெற்றிலையும் பாக்கும்தான் வந்தன. இரண்டு பேர் தட்டைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்தார்கள், பிறகு எழும்பிச் சந்திக் கடைப் பக்கம் நடந்தார்கள். ஒருவர் சாப்பாட்டுக்குத் திரும்பி வந்தார்.