பெயின்ட் டப்பாவுக்கு எத்தனை சதவீதம்?

போன வாரம் ஆபீசில் சாஃப்ட்வேர் வேலைக்கு ஓர் இன்டர்வியூ எடுத்தேன். பையனுக்கு மூன்று வருட அனுபவம். சிங்கிள்டன், ஃபேக்டரி போன்ற டிசைன் பேட்டர்ன்கள் (நிரலை அமைக்கும் வார்ப்புகள்), சாலிட் என்ற டிசைன் கொள்கையின் ஐந்து எழுத்துக்கும் விரிவாக்கம் எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. ட்விட்டரை எப்படி டிசைன் செய்வாய் என்றால் போர்டில் கட்டம் கட்டமாகப் போட்டு, அம்புக்குறி இழுத்து, நடுவில் ஒரு கியூவையும் வைத்துவிட்டான். கடைசியாக ஒன்று கேட்டேன். "நீ எழுதின புரோகிராம் கோடு எதையாவது ரெண்டு வருஷம் கழிச்சு நீயே திறந்து மாத்தியிருக்கியா?"

கொஞ்சம் யோசித்தான். "இல்ல சார், அதுக்குள்ள பிராஜெக்ட்ல இருந்து ரிலீஸ் ஆயிடுவேன்."

அவனைக் கிண்டல் செய்ய இதை எழுதவில்லை. சென்னை ஓ.எம்.ஆர். ஐ.டி. கம்பெனிகளில் பாதிப் பேர் கதை இதுதான். எட்டு மாதம் ஒரு பிராஜெக்ட், அப்புறம் ரெண்டு மாதம் பெஞ்ச் (பிராஜெக்ட் இல்லாமல் காத்திருப்பது), அப்புறம் வேறொன்று. நடுவில் யாராவது ராஜினாமா போட்டால் ரெண்டு வாரம் கே.டி., அதாவது தன் வேலையை அடுத்தவருக்குச் சொல்லிக் கொடுப்பது, முடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். நானும் அப்படித்தான் பதினோரு வருடம் ஓட்டியிருக்கிறேன். அந்தப் பதினோரு வருடத்தில் ஆபீசில் எழுதியதில் எது நல்ல டிசைன், எது குப்பை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. விளைவு தெரிவதற்குள் நான் அங்கே இல்லை. நட்டுவிட்டு ஊரைவிட்டுப் போகிறவனுக்குக் கன்று பிழைத்ததா என்று எப்படித் தெரியும்?

எனக்குக் கொஞ்சமாவது டிசைன் தெரியும் என்றால் அதற்குக் காரணம் கோவில்பட்டிப் பக்கம் என் சித்தப்பா நடத்தும் ஹார்டுவேர் கடை. சிமெண்ட், பெயின்ட், பி.வி.சி. பைப், ஆணி, கீல், தாழ்ப்பாள். 2014-இல் அவருக்கு ஒரு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தேன். விபி டாட் நெட், பின்னால் ஆக்சஸ் டேட்டாபேஸ், ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். காசு வாங்கவில்லை. சித்தி வறுத்த கோழிக்கு எழுதினது.

அப்போது ஜி.எஸ்.டி.க்கு முந்தைய வாட் வரிக் காலம். கடைச் சரக்குக்குப் பெரும்பாலும் 14.5 சதவீதம், சிலதுக்கு 5. நானும் கோடுக்குள்ளேயே 14.5 என்று எழுதிவிட்டேன். பில் ஸ்கிரீனில் ஒருமுறை, பிரிண்டில் ஒருமுறை, மாத ரிப்போர்ட்டில் ஒருமுறை, சரக்குத் திரும்ப வந்தால் கழிக்கும் இடத்தில் ஒருமுறை. வரி விகிதம் மாறும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. உண்மையில் 2011-இல்தான் அது 12.5-இல் இருந்து 14.5 ஆகியிருந்தது. சித்தப்பாவைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை.

2017 ஜூன் 30 ராத்திரி. டெல்லியில் நாடாளுமன்ற மைய மண்டபத்தில் நள்ளிரவுக் கூட்டம் போட்டு ஜி.எஸ்.டி.யைத் தொடங்கி வைக்கிறார்கள். நான் மேன்ஷன் ரூமில் உட்கார்ந்து 14.5-ஐ ஃபைண்ட் போட்டுத் தேடிக்கொண்டிருக்கிறேன். முப்பத்தோரு இடம். ஒரு இடத்தில் 0.145 என்றும், இன்னொரு இடத்தில் 1.145-ஆல் வகுத்தும் வைத்திருந்தேன். அவை தேடலில் சிக்கவில்லை. மறுநாள் கடையில் சிக்கின.

சரி, புத்தி வந்தது என்று சரக்கு டேபிளில் 'வரி' என்று ஒரு நெடுவரிசை சேர்த்தேன். பெயின்ட் 28, சிமெண்ட் 28, பைப் 18. இனிமேல் எத்தனை தடவை மாற்றினாலும் ஒரே இடம்தான். ஒரு வருடம் கழித்து, 2018 ஜூலை 27-இல் பெயின்ட்டை 28-இல் இருந்து 18-க்குக் குறைத்தார்கள். ஒரே வரியில் வரியை மாற்றினேன். அந்தப் பெருமையை ஆபீஸ் கேன்டீனில் சொல்லிக்கொண்டிருந்தது நன்றாக நினைவிருக்கிறது.

ஆகஸ்ட் முதல் வாரம் சித்தப்பாவிடம் இருந்து போன். வீடு கட்டிக்கொண்டிருந்த வாத்தியார் ஒருவர் ஜூலை 20 அன்று வாங்கின பெயின்ட்டில் பிரிக்காத வாளியைத் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறார். வரிக்கு முன்னால் விலை 3000. அன்றைக்கு 28 சதவீதம் சேர்த்து 3840 கட்டியிருக்கிறார். கம்ப்யூட்டர் திருப்பிக் கொடுக்கச் சொன்ன தொகை 3540. வாத்தியார் கையில் பழைய பில் இருக்கிறது. சரி, பழைய பில்லை மறுபடி பிரிண்ட் எடுத்துப் பார்க்கலாம் என்று எடுத்தால் அதிலும் 3540. ஒரே நம்பர், ஒரே தேதி, ரெண்டு பில், ரெண்டு தொகை. வாத்தியார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு சித்தப்பாவை ஒரு பார்வை பார்த்தாராம்.

சித்தப்பா கல்லாவில் இருந்து 300 ரூபாயை எடுத்துச் சேர்த்துக் கொடுத்து அவரை அனுப்பிவிட்டு எனக்குப் போன் போட்டார். "ஏல, உன் கம்ப்யூட்டரு நேத்து நடந்ததையே மாத்திப்புடுதேல!"

நான் படித்த எந்த டிசைன் புத்தகத்திலும் என் தவறை இவ்வளவு துல்லியமாக யாரும் சொன்னதில்லை. பில் டேபிளில் நான் சரக்கின் அடையாள எண், எண்ணிக்கை, விலை மட்டும்தான் வைத்திருந்தேன். வரியை ஒவ்வொரு முறையும் திரையில் காட்டும்போது கணக்குப் போட்டேன். ஒரே தகவலை ரெண்டு இடத்தில் வைக்கக்கூடாது என்று காலேஜில் நார்மலைசேஷன் பாடத்தில் சொல்லிக் கொடுத்ததை அப்படியே செய்தேன். ஆனால் அவை ஒரே தகவல் இல்லை. பெயின்ட்டுக்கு இன்றைக்கு என்ன வரி என்பது ஒன்று. ஜூலை 20-ஆம் தேதி வாத்தியாரிடம் என்ன வரி வாங்கினோம் என்பது வேறு. முதலாவதை அரசாங்கம் மாற்றலாம். இரண்டாவதை ஆண்டவனாலும் மாற்ற முடியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். கடை மாடத்தில் தாத்தா காலத்துப் பேரேடு ஒன்று இருந்தது, சிவப்புத் துணி அட்டை. சித்தப்பா பிரித்துக் காட்டினார். எந்தப் பக்கத்திலும் அடித்தல் திருத்தல் கிடையாது. ஒரு பற்றைத் தப்பாக எழுதிவிட்டால் அதை அழிப்பதில்லை. கண்டுபிடித்த அன்றைய தேதியில் புதிதாக ஒரு வரவு எழுதி நேர் செய்வார்கள். "அடிச்சு எழுதுனா நாளைக்கு எவன் நம்புவான்?" என்றார். எட்டாவது படித்த மனுஷன். இன்றைக்குப் பெரிய சம்பளக்காரர்கள் ஈவென்ட் சோர்சிங் என்று மாநாட்டில் ஸ்லைடு போடுவதும் கிட்டத்தட்ட இதையேதான்.

அதற்குப் பிறகுதான், ஒரு நிரலை எப்படித் துண்டுகளாகப் பிரிப்பது என்று கணினி அறிஞர் டேவிட் பார்னஸ் எழுதினது எனக்குப் புரிந்தது. 1972 டிசம்பரில் வெளிவந்த கட்டுரை, மொத்தமே ஆறு பக்கம். அப்போது அவர் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் இருந்தார். ஒரு சின்ன நிரலை எடுத்துக்கொள்கிறார். சில வரிகளை வாங்கி, ஒவ்வொரு வரியின் முதல் சொல்லையும் எடுத்துக் கடைசியில் போட்டுப் போட்டுச் சுழற்றி, வந்த எல்லாவற்றையும் அகரவரிசையில் அடுக்கித் தரவேண்டும். "கடல் நீர் உப்பு" என்று கொடுத்தால் "உப்பு கடல் நீர்", "கடல் நீர் உப்பு", "நீர் உப்பு கடல்", இப்படி. இதை ரெண்டு விதமாகப் பிரித்துக் காட்டுகிறார். முதலாவது நம் எல்லோருக்கும் கைவருவது: வாங்கு, சுழற்று, அடுக்கு, அச்சிடு, வேலை நடக்கும் வரிசைப்படி ஆளுக்கொரு துண்டு. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் வரிகளை மெமரியில் எப்படி வைத்திருக்கிறோம் என்பது நாலு துண்டுக்கும் தெரிந்தாக வேண்டும். அதை மாற்றினால் நாலும் மாறும். இரண்டாவது விதத்தில் மாறக்கூடிய முடிவுகளைப் பட்டியல் போட்டு, ஒவ்வொரு முடிவையும் ஒரு துண்டுக்குள் ஒளித்து வைக்கிறார். வெளியே இருப்பவனுக்கு உள்ளே எப்படி என்று தெரியாது, தெரியவும் கூடாது.

இதை நான் காலேஜிலேயே படித்திருந்தேன். பரீட்சையில் ஐந்து மார்க்கும் வாங்கியிருந்தேன். ஆனால் 'மாறக்கூடிய முடிவு எது' என்ற கேள்விக்கு விடை கட்டுரையில் இல்லை, கடையில்தான் இருக்கிறது. அதனால்தான் பேட்டர்ன் பெயர்களை மட்டும் மனப்பாடம் செய்கிறவர்கள் தேவையில்லாத இடத்திலெல்லாம் இன்டர்ஃபேஸ் போட்டுவிட்டு, மாறப்போகிற ஒரே இடத்தில் நம்பரைக் கல்வெட்டாக வெட்டிவைக்கிறார்கள். நான் செய்ததும் அதுதான். டேட்டாபேஸை மாற்றினால் என்ன செய்வது என்று ஓர் அடுக்கு கட்டியிருந்தேன். இந்தப் பத்து வருடத்தில் டேட்டாபேஸ் ஒருமுறைகூட மாறவில்லை.

பெரிய இடங்களிலும் இதே கதைதான், செலவுதான் வேறு. 1996 ஜூன் 4-இல் ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட் முதல் பயணத்திலேயே 40 நொடிக்குள் வெடித்தது. ஏரியன் 4-இல் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த கோடை அப்படியே எடுத்து வைத்திருந்தார்கள். 64 பிட்டில் இருந்த ஓர் எண்ணை 16 பிட்டுக்குள் திணிக்கும் ஓர் இடம். ஏரியன் 4-இன் கிடைமட்ட வேகத்துக்கு அது வழிந்திருக்காது. ஏரியன் 5 அதைவிட வேகமாகப் போனது, வழிந்தது. புறப்பட்ட பிறகு ஏரியன் 5-க்கு அந்தக் கணக்கே தேவையில்லை என்பது கூடுதல் கொடுமை. 'இந்த எண் இதற்கு மேல் போகாது' என்ற நம்பிக்கைக்கும் என்னுடைய 14.5-க்கும் உறவுமுறை உண்டு. அண்ணன் தம்பி.

டென்மார்க்கின் கணினி அறிஞர் பீட்டர் நவுர் 1985-இல் இன்னொன்றைச் சொன்னார். நிரல் என்பது எழுதினவர்கள் மண்டைக்குள் இருக்கும் புரிதல், அந்த ஆட்கள் கலைந்தால் நிரல் செத்ததற்குச் சமம், மிச்சமிருக்கும் கோடையும் டாக்குமெண்டையும் படித்து அதை உயிர்ப்பிப்பது மிகக் கடினம் என்பது அவர் வாதத்தின் சாரம். இதை ரெண்டு வாரக் கே.டி.யோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஸ்கிரீன் ஷேர் போட்டு, ரெக்கார்டிங் ஆன் செய்து, "இந்த ஃபங்ஷனைத் தொடாதீங்க, ஏன்னு தெரியல, தொட்டா உடையும்" என்று சொல்லிவிட்டுப் போவதைத்தான் நாம் அறிவு கைமாற்றம் என்கிறோம்.

இங்கே மேனேஜர்கள் மீதும் எனக்குக் கோபம் உண்டு. எழுதுகிறவன் ஒருத்தன், சப்போர்ட் பார்க்கிறவன் இன்னொருத்தன் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். ராத்திரி மூணு மணிக்குப் போன் வருவது எழுதாதவனுக்கு. அடி ஒருத்தனுக்கு, பாடம் இன்னொருத்தனுக்கு என்றால் யார் எதைக் கற்றுக்கொள்வார்கள்? எழுதினவனை ஆறு மாதமாவது அந்தப் போனை எடுக்க வையுங்கள். எந்தப் பயிற்சி வகுப்பும் வேண்டாம். கோடு தானாகத் திருந்தும்.

ஏஐ வந்துவிட்டதே, இனி இதெல்லாம் எதற்கு என்று கமெண்டில் வருவீர்கள், தெரியும். நானும் தினமும் பயன்படுத்துகிறேன். சோதனைக்காக என் பழைய டேபிள் அமைப்பைக் கொடுத்து பில் ரிப்போர்ட் எழுதச் சொன்னேன். அரை நிமிடத்தில் சுத்தமாக எழுதிக் கொடுத்தது, என் பழைய தவறோடு சேர்த்து. தேதி பற்றிக் கேட்டதும் உடனே ஒப்புக்கொண்டு திருத்தியது. வாத்தியாரின் பார்வையை வாங்கியிருக்காவிட்டால் அந்தக் கேள்வியை நான் கேட்டிருப்பேனா?

எல்லோருக்கும் சித்தப்பா கடை வாய்க்காது. தெருவில் டியூஷன் சென்டர் இருக்கும், அக்கா சீட்டு பிடிப்பார், கோயில் கமிட்டி வரவு செலவு எழுதும். யாராவது ஒருவர் நிஜமாகவே தினமும் தட்டுகிற ஒரு சின்ன நிரலை எழுதி, அதைக் கைவிடாமல் ஐந்து வருடம் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப முதலில் இருந்து எழுத ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். நான் அடக்கவில்லை. 2019-இல் எல்லாவற்றையும் மைக்ரோசர்வீஸாக (தனித்தனியாக ஓடும் சின்னச் சின்ன நிரல்களாக) மாற்றுகிறேன் என்று நாலு மாத ஞாயிறுகளைத் தொலைத்தேன். ஒரு கல்லா, ஒரு பிரிண்டர் உள்ள கடைக்கு ஆறு சர்வீஸ்! முதல் சாஃப்ட்வேரில் அடக்கி வாசித்தவன் இரண்டாவதில் ஆசைப்பட்டதை எல்லாம் திணிப்பான் என்று கணினி அறிஞர் ஃப்ரெட் புரூக்ஸ் 1975-லேயே எச்சரித்திருந்தார். படித்துவிட்டுத்தான் செய்தேன்.

பைசா விஷயம் தனிக்கதை. 105.50-க்கு 18 சதவீதம் 18.99. அதையே மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் ஒன்பது ஒன்பது சதவீதமாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 9.495, முழுமைப்படுத்தினால் 9.50, கூட்டினால் 19.00. ஒரு பைசா எங்கிருந்து வந்தது என்று ஆடிட்டர் ஆபீஸ் பையன் கேட்டு, நான் தலையைப் பிய்த்துக்கொண்டதை இன்னொரு பதிவில் எழுதுகிறேன்.

இப்போது வரி தனி டேபிளில் இருக்கிறது. எந்தச் சரக்கு, எந்தத் தேதி முதல், எத்தனை சதவீதம். பில் போடும் நேரத்தில் எடுத்த விகிதம் பில்லோடேயே பதிந்துவிடும், பிறகு யாரும் தொடமுடியாது. 2025 செப்டம்பர் 3-இல் ஜி.எஸ்.டி. கவுன்சில் கூடி, 22-ஆம் தேதி முதல் சிமெண்ட் 28-இல் இருந்து 18 என்று அறிவித்ததும், அடுத்த ஞாயிறே அந்தத் தேதி போட்டு ஒரு பதிவு சேர்த்துவிட்டேன். 22-ஆம் தேதி காலை கடை திறந்து முதல் மூட்டை சிமெண்ட் 18-இல் பில் ஆனது. கோடில் ஓர் எழுத்தும் மாறவில்லை. பதினோரு மணிக்கு சித்தப்பா நம்பரில் இருந்து போன். பாராட்டத்தான் போலிருக்கிறது என்று எடுத்தேன்.

"தம்பி, கொத்தனார் தன் பேருல மூணு வீட்டுக்குச் சரக்கு எடுத்திருக்கான். அதுல ஒரு வீட்டுக்காரரு வந்து அவரு பங்கு பணத்த மட்டும் கட்டுதேங்காரு. பில்ல அவரு பேருக்கு மாத்தித் தரணுமாம். யாரு கணக்குல வரவு வைக்க?"

வாங்குகிறவர்தான் பணம் கட்டுகிறவர், அவர் பேரில்தான் பில் என்று 2014-இல் நான் ஒரே டேபிளாகப் போட்டது. நாற்பத்தேழு இடத்தில் இருக்கிறது, எண்ணிப் பார்த்துவிட்டேன்.