என் பெயரை வெட்டிவிட்டுப் போட்ட படம்

நான் எடுத்த ஒரு கல்யாணப் படத்தை, என் பெயரை வெட்டிவிட்டு ஒரு ஸ்டுடியோ விளம்பரமாகப் போட்டிருக்கிறது. நேற்றிலிருந்து இன்பாக்ஸில் வந்து "விடுங்க, சின்ன விஷயம்" என்று சொல்பவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். எனக்கு இது சின்ன விஷயம் இல்லை.

அந்தப் படம் பக்கத்து வீட்டுத் தங்கையின் கல்யாணத்தில் எடுத்தது. மேடைக்கு ஓரமாக அவள் அப்பா, நான் மாமா என்று கூப்பிடுபவர், நிற்கிறார். ஒரு கையில் மகளின் கைப்பை, இன்னொரு கையில் கழற்றிய கண்ணாடி. எல்லோரும் மணமக்களைப் பார்க்க, அவர் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். காசு வாங்கி வந்த போட்டோகிராபர் அப்போது குரூப் போட்டோவில் இருந்தார். அது அவர் வேலை, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்தப் படத்தை எடுத்தது நான். அவருடைய ஸ்டுடியோக்காரர்கள் மூலையில் இருந்த என் பெயரை வெட்டி, தங்கள் ஸ்டுடியோ முத்திரையைப் போட்டு, விளம்பரமாக ஓடவிட்டிருக்கிறார்கள். மாமாவின் முகச் சுருக்கங்களையும் வழித்து எடுத்துவிட்டார்கள். அந்தச் சுருக்கத்துக்காகத்தான் அந்தப் படமே!

"சும்மாதானே எடுத்துக் கொடுத்தாய்?" என்று கேட்கிறார்கள். ஆமாம், அந்தக் குடும்பத்துக்குக் கொடுத்தேன். ஸ்டுடியோவுக்குக் கொடுக்கவில்லை. படைப்பாளிகளின் உரிமைக்காக 1886-இல் வந்த சர்வதேச பெர்ன் உடன்படிக்கையில் 1928-இல் ஒரு பிரிவு சேர்த்தார்கள். உரிமையை அடுத்தவருக்குக் கொடுத்த பிறகும் "இது என் படைப்பு" என்று சொல்லும் உரிமை படைத்தவருக்கு உண்டு. அவர் பெயர் கெடும்படி அதைச் சிதைத்தால் எதிர்க்கவும் உரிமை உண்டு. காசு வாங்கினால்தான் என்று அதில் எங்கேயும் இல்லை.

"நீ எடுத்ததற்கு என்ன ஆதாரம்?" வாட்ஸப்பில் போட்டோவாக அனுப்பினால் கேமரா விவரமெல்லாம் போய்விடும், அவர்களிடம் இருப்பது அதுதான். ரா ஃபைல், அதாவது கேமராவில் பதிவான மூலக் கோப்பு, என்னிடம் இருக்கிறது. வேறென்ன வேண்டும்?

ஃபிளாஷ் போட்டால் மாமா நிமிர்ந்து பார்த்துவிடுவார் என்று போடவில்லை. இருக்கிற வெளிச்சமே போதும்படி 50 எம்எம் லென்ஸை 1.8-க்கு அகலத் திறந்து, ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, 3200-க்கு ஏற்றி எடுத்தேன். மேடை விளக்கின் ஊதா அவர் கன்னத்தில் அப்பியிருந்தது. தோல் நிறம் கெடாமல் அந்த ஊதாவை நீக்க ராத்திரி வெகுநேரம் உட்கார்ந்தேன். "கேமரா வைத்திருப்பவனெல்லாம் போட்டோகிராபரா" என்று கமெண்ட் போட்டவருக்கு இதெல்லாம் தெரியாது.

தொழில் செய்பவருக்குக் குறுக்கே நின்றேனாம். அப்படி நிற்பவர்கள் இருக்கிறார்கள், நானே பார்த்திருக்கிறேன். நான் நின்றது ஓரத்தில்.

"முகம் அவர்களுடையது, உனக்கென்ன உரிமை?" இந்த ஒரு கேள்வியில்தான் நியாயம் இருக்கிறது. அதனால்தான் மாமாவிடம் கேட்டுவிட்டு, அவர் சரி என்ற பிறகு என் பக்கத்தில் போட்டேன். ஸ்டுடியோக்காரர்கள் அவரிடம் கேட்டார்களா?

உண்மையைச் சொன்னால், ஸ்டுடியோகூட எனக்குப் பெரிதில்லை. அந்தப் பதிவுக்குக் கீழே அத்தை ஹார்ட் போட்டிருக்கிறார். பென் டிரைவை அவர் கையில்தான் கொடுத்தேன். இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தவர் அவர். "இது நம்ம பக்கத்து வீட்டுப் பையன் எடுத்தது" என்று அங்கே ஒரு வரி எழுதியிருக்கலாமே அத்தை? ஒரு வரி!

படத்தை நீக்குங்கள், இல்லையென்றால் என் பெயரோடு, சுருக்கங்களோடு போடுங்கள். அத்தைக்கும் மாமாவுக்கும் பெரிய பிரிண்ட் எப்போது வேண்டுமென்றாலும் நானே போட்டுத் தருகிறேன். ஸ்டுடியோ என்னிடம் கேட்டிருக்கும் மற்ற படங்களை மட்டும் தரமாட்டேன்.