காற்றாலை மேகத்தைக் கலைப்பதில்லை

கன்னியாகுமரி மாவட்டத்து ஆரல்வாய்மொழி, முப்பந்தல் காற்றாலைகள் மேகத்தை விரட்டுவதால்தான் மழை குறைந்துவிட்டது என்று ஓர் அண்ணாச்சி எழுதியிருக்கிறார். எங்கள் ஊர் டீக்கடையிலும் பல காலமாக ஓடும் பேச்சுதான் இது. ஆனால் உண்மை அப்படி இல்லை, அண்ணாச்சி.

பழைய காற்றாலைக் கோபுரங்கள் பெரும்பாலும் 50 மீட்டர் உயரம்கூட இருக்காது. இப்போது வரும் பெரியவற்றின் இறக்கை நுனியே ஏறக்குறைய 200 மீட்டரைத்தான் தொடும். மழை மேகமோ கிலோமீட்டர் கணக்கில் எழும்பி நிற்பது. ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குக் கிழக்கே மழையில்லாமல் வெறும் காற்று மட்டும் அடிக்கிறதென்றால், காரணம் மழையை மேற்கிலேயே பிடித்துக்கொள்ளும் மேற்குத் தொடர்ச்சி மலை. காற்றாலை வருவதற்கு முன்பும் அது மழை மறைவுப் பகுதிதான். அந்தக் காற்றுக்காகத்தானே அங்கே கொண்டுபோய் நட்டார்கள்! 2021 நவம்பரில் நம் மாவட்டம் வெள்ளத்தில் மிதந்தபோதும் அவை அங்கேயேதான் நின்றன.

சரிபார்ப்பது எளிது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் பழைய மாவட்ட மழைக் கணக்கை எடுத்து, காற்றாலைகள் பெருகத் தொடங்கிய 1990-க்கு முந்தைய ஆண்டுகளையும் பிந்தைய ஆண்டுகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்றிரண்டு ஆண்டுகளை மட்டும் எடுத்தால் ஏமாந்துவிடுவோம். குறைந்தது முப்பது ஆண்டுகள் வேண்டும். அதற்கும் பொறுமை இல்லையென்றால், அடுத்த மழைநாளில் தோவாளைப் பக்கம் நின்று அண்ணாந்து பாருங்கள்: சுழலும் இறக்கைகளுக்கு வெகு மேலே மேகம் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்.